மூன்றாவது ராக்கெட்டை நிறுத்தியவள்

ஹமாஷிபெட்சு, ஹொக்கைடோ
டிசம்பர் 6

மதிப்பிற்குரிய ஹனாவா மிட்சுகி அவர்களுக்கு,

பனி தரையில் தங்கத் தொடங்கிவிட்ட இந்நாட்களில் தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சால்மன் வலைகளைக் கரையேற்றிவிட்டார்கள். கடல் சாம்பல் நிறமாகிவிட்டது. நிறுவனத்தில் அனைவரும் நலம்.

ஜூனில் நடந்தவை குறித்து மிகவும் வருந்துகிறேன். தாங்கள் விலகிய பிறகு பறப்புப் பாதுகாப்புப் பொறுப்புக்குச் சரியான ஆள் அமையவில்லை. நான்காவது ராக்கெட்டின் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பழையவற்றை மனதில் வைக்காமல் தாங்கள் மீண்டும் பொறுப்பேற்றால் பெரிதும் மகிழ்வேன்.

தொலைபேசியில் தங்களைப் பிடிக்க முடியவில்லை. மின்னஞ்சலும் திரும்பி வருகிறது. ஆகவே இக்கடிதம். ஆண்டிறுதி அன்பளிப்பாக இங்குள்ள மீனவர் சங்கத்தின் உப்பு சால்மன் ஒன்றைத் தனியே அனுப்பியிருக்கிறேன். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகேகாவா ஷின்பெய்
நிறுவனத் தலைவர்


நாகானோ
டிசம்பர் 13

முதலாளி அவர்களுக்கு,

உங்கள் பனி, உங்கள் சாம்பல் நிறக் கடல், உங்கள் மீன் எல்லாம் வந்து சேர்ந்தன. மீனை இங்கே பனிச்சறுக்கு மலையில் என்னோடு லிஃப்ட் ஓட்டும் ஆட்களிடம் கொடுத்துவிட்டேன். ஒரே வேளையில் தீர்த்துவிட்டு, யார் அனுப்பியது, நல்ல மனிதராக இருப்பார் போல என்றார்கள்.

கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்தால் மரியாதைக்காகக் கூடவே ஒரு வெற்றுத் தாளும் வைக்க வேண்டும் என்ற வழக்கத்தை நீங்கள் விடவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த வெற்றுத் தாள்தான். அதில் மட்டும்தான் பொய் இல்லை.

"ஜூனில் நடந்தவை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ மழை பெய்தது, துணி நனைந்தது என்பது மாதிரி. நடந்ததை நான் சொல்கிறேன். மூன்றாவது ராக்கெட் கிளம்பியது. மேகத்தைத் தாண்டியது. கடல் பக்கம் சாயத் தொடங்கியதும் அதன் சிக்னல் அறுந்தது. ராக்கெட் எங்கே இருக்கிறது என்று ஐந்து விநாடி தெரியாவிட்டால் எஞ்சினை நிறுத்த வேண்டும். இது நான் எழுதிய விதி. கையெழுத்துப் போட்டது நீங்கள். என் பின்னால் நின்று கத்தியதும் நீங்கள்.

"நிறுத்தாதே! நிறுத்தாதே! அது நல்லாத்தான் போகுது!"

"எங்க போகுதுன்னே தெரியலையே, சீனியர்!"

"எனக்குத் தெரியும்! கையை எடு!"

நான் அழுத்தினேன். ராக்கெட் கடலில் விழுந்தது. பிறகு கடலில் நின்றிருந்த கண்காணிப்புக் கப்பலின் கணக்கு வந்தது. ராக்கெட் திட்டமிட்ட கோட்டிலேயே போயிருக்கிறது. அடுத்த வாரம் நீங்கள் கேமராக்களுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து நின்று, "பாதுகாப்புப் பொறுப்பாளரின் அவசர முடிவு காரணமாக" என்றீர்கள். பெயரைச் சொல்லவில்லை. எவ்வளவு கண்ணியம்! அந்த வேலையில் இருந்த ஒரே ஆள் நான்தான் என்பது தெரியாதவர் இந்த நாட்டில் ராக்கெட் துறையில் யாருமே இல்லை.

அதன் பிறகு நான் விண்ணப்பித்த ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. இப்போது தினமும் லிஃப்டை நிறுத்துகிறேன். யாராவது பாட்டி ஏறும்போது தடுமாறினால் நிறுத்துகிறேன். ஒரு பையன் குச்சியைத் தவறவிட்டால் நிறுத்துகிறேன். யாரும் செய்தியாளர் கூட்டம் வைப்பதில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நீங்கள் காரணமில்லாமல் மீன் அனுப்புகிற ஆள் இல்லை. உண்மையில் என்ன வேண்டும்?

ஹனாவா


ஹமாஷிபெட்சு
டிசம்பர் 20

ஹனாவா சான்,

சரி, பருவ விசாரிப்பெல்லாம் வேண்டாம். நேராகவே எழுதுகிறேன்.

மீனவர் சங்கம் கடலை ஒதுக்கித் தர மறுக்கிறது. அவர்கள் முத்திரை குத்தாமல் இங்கே ஒரு பட்டாசு கூட விட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஜூலையில் கடற்பாசி அறுப்பு தொடங்கிவிடும். செப்டம்பரிலிருந்து சால்மன் வலை. நமக்குக் கிடைக்கிறது ஜூன் மாதம்தான். அந்த ஜூனும் போனால் முதலீட்டாளர்கள் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது பேர், அவர்கள் குடும்பங்கள், பதினோரு வருட உழைப்பு எல்லாம் அதோடு சரி.

சங்கத் தலைவர் இவாகுராவிடம் போன வாரம் போனேன். உள்ளே நுழைந்து உட்காரக்கூட இல்லை.

"அந்தப் பொண்ணு எங்க?" என்றார்.

"வேலையை விட்டுட்டாங்க. டோக்கியோலேர்ந்து புதுசா ஒருத்தர் வர்றார். ரொம்ப அனுபவசாலி."

"டோக்கியோக்காரர் டோக்கியோல பட்டனை அழுத்தட்டும். எங்களுக்கு அவதான் வேணும்."

"இவாகுரா சான், அவங்க போன தடவை நல்லாப் போய்ட்டிருந்த ராக்கெட்டை…"

"அதான்யா சொல்றேன்! நல்லாப் போறதையே நிறுத்தினவ, கெட்டுப் போறதை விட்டுடுவாளா? நீ பின்னாடி நின்னு கத்தினியாமே. அவ கேக்கலையாமே. அந்தப் பொண்ணு பட்டன்ல கை வச்சு உட்காரட்டும், நான் முத்திரை குத்தறேன். இல்லேன்னா நீ உன் ராக்கெட்டை ஊறுகாய் போட்டு வச்சுக்க."

இதுதான் விஷயம். என்னால் முடிந்ததையெல்லாம் முயன்று பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு எழுதினேன். இதை எழுதுவது எனக்கு இனிப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஐந்து விநாடியால் நல்ல ராக்கெட் ஒன்றைக் கடலில் போட்டேன். அதுவும் உண்மைதான். அதையும் நான் மறக்கவில்லை.

சுகேகாவா


நாகானோ
ஜனவரி 4

முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் சிரித்தேன். நீங்கள் என் தலையில் பழியைப் போட்ட அதே காரணத்துக்காக அந்த மனிதர்கள் என்னை நம்புகிறார்கள். இதைவிட அழகாக உங்களை யாராலும் அறைந்திருக்க முடியாது. இவாகுராவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சிரித்து முடித்ததும் பழைய எரிச்சல் வந்துவிட்டது. "உங்கள் ஐந்து விநாடி" என்கிறீர்கள். ராக்கெட் கண்ணில் படாத நேரத்தில் நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? உங்கள் குரலில் இருந்த தைரியத்தை வைத்து அது எங்கே போகிறது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டுமா? துறைமுகத்தில் ஊரே நின்றிருந்தது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஜூனிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். லிஃப்ட் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கூட இதைத்தான் யோசிக்கிறேன். சிக்னல் ஏன் அறுந்தது? அறிக்கையில் "பெறும் பக்கத்துக் காரணம்" என்று ஒரே வரி. ராக்கெட்டில் கோளாறு இல்லை. ஆன்டெனாவை முந்தின நாள் நானே சோதித்தேன், சரியாக இருந்தது. அப்படியானால் நடுவில் என்ன இருந்தது? அன்று விடியற்காலையிலிருந்து ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தவள் நான். வெளியே இருந்தவர் நீங்கள்.

பதில் வந்தால் யோசிக்கிறேன்.

ஹனாவா


ஹமாஷிபெட்சு
ஜனவரி 11

ஹனாவா சான்,

அறிக்கையில் இருப்பதுதான் பதில். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. சில விஷயங்களைக் கிளறினால் யாருக்கும் நன்மை இல்லை. தயவுசெய்து அதை மட்டும் கேட்காதீர்கள். மற்றபடி நீங்கள் எந்த நிபந்தனை வைத்தாலும் ஒத்துக்கொள்கிறேன்.

சுகேகாவா


நாகானோ
ஜனவரி 15

முதலாளி அவர்களுக்கு,

அப்படியானால் நான் வரவில்லை.

ஹனாவா


ஹமாஷிபெட்சு
ஜனவரி 28

மிட்சுகி,

கொடி! போதுமா? கொடிதான்!

வலை நிறைந்து கரை திரும்பும் நாளிலும் புதுப் படகு முதலில் கடலிறங்கும் நாளிலும் ஏற்றுகிற அந்த ராட்சதக் கொடி. சங்கத்துப் பெண்கள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நமக்காகத் தைத்தார்கள். அலை, மீன், நடுவில் ராக்கெட். ஓரத்தில் ஒவ்வொரு வீட்டின் பெயரும். உடைத்த பழைய படகின் இரும்புப் பாய்மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேட்டில் நட்டார்கள். கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம் அது ஒன்றுதான். ஆன்டெனா குடிசையும் அங்கேதான் இருக்கிறது. முந்தின நாள் நீ ஆன்டெனாவைச் சோதித்துவிட்டுத் தளவாட வேலையாகக் குஷிரோ நகரத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் பாய்மரத்தை நட்டு முடித்துவிட்டார்கள். நீ ராத்திரி வந்தாய், மூடுபனி, உனக்குத் தெரிந்திருக்காது; ராக்கெட் விழுந்ததும் கொடியை இறக்கிவிட்டார்கள்.

அன்று காலை கொடி ஏற்ற வந்தார்கள். மடித்து வைத்துக்கொண்டு இவாகுராவின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கொடி இல்லாம ஒரு புதுப் படகைக் கூட நாங்க அனுப்பினதில்ல. இதுவும் எங்க ஊருப் படகுதானே?"

என்ன சொல்லச் சொல்கிறாய்? பத்து வருடம் வாசலில் காத்து நின்று, குனிந்து, அவர்கள் திட்டியதையெல்லாம் கேட்டு, கடைசியில் அவர்கள் வாயிலிருந்து "எங்க ஊருப் படகு" என்று வருகிறது. "அம்மா, கொஞ்சம் தள்ளி நடுங்க" என்று எந்த வாயால் சொல்வது? ஆன்டெனாவுக்குப் பெரிதாக எதுவும் ஆகாது என்று நினைத்தேன். ராக்கெட் நேர் மேலே போகும்வரை ஆகவும் இல்லை. அது கடல் பக்கம் சாய்ந்து, ஆன்டெனாவும் தாழ்ந்ததும், அந்த இரும்பு மரமும் கம்பி வடமும் மூடுபனியில் ஊறித் தொங்கிய கொடியும் நேர் எதிரில் வந்துவிட்டன. ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்ளும் ஒனோதெராவும் நானும் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டோம். அவனிடம் வாயைத் திறக்காதே என்று சொன்னவன் நான்தான்.

அவர்கள் ஆசையாகத் தைத்துக் கொடுத்த கொடிதான் ராக்கெட்டைக் கொன்றது என்று அவர்களிடம் எப்படிச் சொல்ல முடியும்? அந்தப் பெண்கள் தலை நிமிர்ந்து நடப்பார்களா? அதன் பிறகு கடல் கிடைக்குமா? நீ கேட்டே தீருவேன் என்றாய். இதோ கிடைத்துவிட்டது. இப்போது சந்தோஷமா?

ஷின்பெய்


நாகானோ
பிப்ரவரி 9

முதலாளி அவர்களுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இதுதான் கிழிக்காமல் நிற்கிறது. கோபத்தில் என்னை "நீ" என்று எழுதிவிட்டீர்கள். பரவாயில்லை. அதில் ஒரு நேர்மை இருந்தது.

நீங்கள் இரண்டாம் நாள் கண்டுபிடித்தீர்கள். செய்தியாளர் கூட்டம் அடுத்த வாரம் நடந்தது. அதாவது அந்தக் கேமராக்களுக்கு முன்னால் குனியும்போதே உங்களுக்குத் தெரியும். நான் விதிப்படி செய்தேன் என்று தெரியும். சிக்னல் ஏன் போனது என்று தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு "அவசர முடிவு" என்று சொன்னீர்கள்.

இத்தனை நாளும் நீங்கள் ராக்கெட் போன துக்கத்தில், கண்ணை மறைத்த கோபத்தில் அப்படிச் சொன்னதாக நினைத்திருந்தேன். அதை ஒரு மாதிரி தாங்கிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம். நீங்கள் நிதானமாக உட்கார்ந்து நிறுத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு தட்டில் மீனவர்களின் மனசு, இன்னொரு தட்டில் ஹனாவா. ஹனாவா லேசாக இருந்திருக்கிறாள். பதினோரு வருடம் உங்களோடு ஒரே பட்டறைத் தரையில் படுத்துத் தூங்கி, ஒரே சட்டியில் நூடுல்ஸ் தின்று எஞ்சின் கட்டியவள். அவளைத் தூக்கி எறிந்தால் திருப்பிக் கேட்க மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. வெளியாட்களிடம்தான் நாம் மரியாதையாக இருக்க வேண்டும், இல்லையா? சொந்த ஆட்களை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

அந்தப் பெண்கள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்கிறீர்கள். நடக்கட்டும். என் அப்பா அந்தக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "தப்பு யாருக்கும் நடக்கும்மா" என்று சொன்னார். அவர் என்னை நம்பாமல் ஆறுதல் சொன்ன முதல் தடவை அது. அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

நான் வருவேன். உங்களுக்காக இல்லை. நான்காவது ராக்கெட்டில் என் கையும் இருக்கிறது, அதை வேறு எவனோ பார்த்துக்கொள்ள விட முடியாது. ஆனால் முதலில் நீங்கள் சங்கத்து மண்டபத்துக்குப் போக வேண்டும். எல்லோரையும் கூட்டி, கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், தரையைப் பார்த்து இல்லை. என்னைப் பற்றிச் சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். செய்தியாளர்களையும் கூப்பிட வேண்டும். கடல் போனால் போகட்டும். நிறுவனம் போனால் போகட்டும். பொய்யின் மேல் நிற்கிற ராக்கெட்டுக்கு நான் பட்டன் அழுத்த மாட்டேன்.

ஹனாவா


ஹமாஷிபெட்சு
மார்ச் 18

ஹனாவா சான்,

நேற்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று நீங்கள் திட்டுவீர்கள். மூன்று முறை மண்டப வாசல் வரை போய்த் திரும்பினேன். திட்டுங்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் சாக்கே மதுப் புட்டியை முன்னால் வைத்தேன். இவாகுரா அதைத் தொடவில்லை. முதலில் கொடி விஷயத்தைச் சொன்னேன். பெண்கள் பக்கம் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, ஆனால் நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னது பொய் என்றேன். அப்போதுதான் இவாகுரா எழுந்தார்.

"இத்தனை மாசம் ஏன் வாயைத் திறக்கல?"

"உங்க மனசு நோகும்னு…"

"எங்க மனசா?" அவர் குரலுக்குக் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. "புயல்ல போன அண்ணன் தம்பியை வலையில தேடி எடுத்தவங்கடா நாங்க! ஒரு துணியைக் கழட்டுன்னு சொன்னா செத்தா போயிடுவோம்? எங்களைப் பத்தி நீ என்னதான் நினைச்சிருக்க? தொட்டா உடையற பொம்மைன்னா?"

"மன்னிச்சிடுங்க."

"குனியாத! உன் முதுகைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. நிமிர்ந்து பேசு!"

அவர் மனைவி பின்னாலிருந்து எழுந்து வந்தார். அவர் கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"எங்க பேரைச் சொல்லியா அந்தப் பொண்ணு தலையில பழியைப் போட்ட?" என்றார். "எங்களுக்கு நல்லது செய்யறேன்னு நினைச்சியா? இனிமே நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன்? சொல்லு."

அழுதேன். அதற்கும் இவாகுரா திட்டினார்.

இன்று காலை அவர்களே ஆட்களோடு வந்து அந்தப் பாய்மரத்தை அறுத்துச் சாய்த்தார்கள். நான் ஒரு கை கொடுக்கப் போனேன், விடவில்லை. முத்திரையைக் கேட்டேன். "உன் கையில குத்தித் தர மாட்டேன். அவ வரட்டும், அவகிட்டத் தரேன்" என்றார்கள்.

செய்தியாளர்களைக் கூப்பிட்டிருந்தேன். தொலைக்காட்சியிலிருந்து யாரும் வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை மட்டும் வந்தது. வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். மிகச் சிறியதாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

சுகேகாவா


நாகானோ
மார்ச் 29

முதலாளி அவர்களுக்கு,

என்னைக் குற்றவாளி ஆக்கிய செய்தி முதல் பக்கத்தில் வந்தது. நான் குற்றவாளி இல்லை என்கிற செய்தி நான்காம் பக்கத்தில், தட்டை மீன் விலைக்குக் கீழே. அப்பாவுக்கு அனுப்பினேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாராம்.

நான் கேட்டதைச் செய்துவிட்டீர்கள். ஆகவே நான் சொன்னதைச் செய்கிறேன். இங்கே பனி முடிந்து லிஃப்ட் நின்றதும், ஏப்ரல் நடுவில் வருகிறேன். என்னை அழைக்க விமான நிலையத்துக்கு வர வேண்டாம். விருந்து வேண்டாம். என் இடம் கீழ்த்தளம், உங்கள் அறை மாடி. வேலை விஷயமாகக் கூட்டத்தில் பேசுவேன். மற்றபடி என்னோடு பேச வராதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு இன்னும் அந்த "கையை எடு" தான் கேட்கிறது. சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள்.

கட்டுப்பாட்டு அறையில் நீங்கள் நிற்கலாம். அது உங்கள் நிறுவனம். ஆனால் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஹனாவா


கீழ்த்தளம்
மே 16

முதலாளி அவர்களுக்கு,

எஞ்சினைச் சாய்த்து ராக்கெட்டைத் திருப்புகிற இரண்டு இயந்திரக் கைகளின் சோதனையைப் பாதியில் முடித்து "திருப்தி" என்று கையெழுத்துப் போட்டது யார்? திரவ ஆக்ஸிஜனின் குளிரில் வைத்துச் சோதிக்கவே இல்லை. நீங்கள் என்றால் மறுபடி செய்யச் சொல்லுங்கள். வேறு யாராவது என்றால் அவரைக் கீழே அனுப்புங்கள்.

இன்னொன்று. இவாகுராவின் மனைவி தினமும் எனக்குச் சோற்றுருண்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். சால்மன் முட்டை வைத்தது. மன்னிப்பு கேட்கிற விதமாம். போதும் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார். எனக்கு எடை கூடிக்கொண்டிருக்கிறது. இதற்கும் நீங்கள்தான் காரணம்.

ஹனாவா


மாடி
மே 16

ஹனாவா சான்,

கையெழுத்து நான்தான். ஜூன் கைநழுவிவிடும் என்ற அவசரம். இரண்டாவது கையைக் குளிரில் வைத்துச் சோதிக்கச் சொல்லிவிட்டேன். முதல் கையை ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது. அதைக் கழற்றினால் ஜூன் போய்விடும். கேள்விப்பட்டவரை அது நல்ல கைதான்.

இன்று எஞ்சின் சோதனையை நீங்கள் பார்த்தீர்களா? முழு நேரமும் எரிந்தது, ஒரு இருமல் கூட இல்லை. ஆட்கள் வெளியே ஓடி மண்ணில் உருண்டார்கள். நீங்கள் கல் மாதிரி நின்றீர்கள் என்று ஒனோதெரா சொன்னான்.

சுகேகாவா


கீழ்த்தளம்
மே 17

முதலாளி அவர்களுக்கு,

பார்த்தேன். கழிவறைக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்துதான் கல் மாதிரி நின்றேன். அந்த எஞ்சினின் முதல் வரைபடம் நான் போட்டது. ஒனோதெராவிடம் சொல்ல வேண்டாம்.

"கேள்விப்பட்டவரை நல்ல கை" என்பது ஒரு பொறியாளர் எழுதுகிற வாக்கியமா? அதைக் கழற்றச் சொல்லிக் கூட்டத்தில் கேட்டேன். பெரும்பான்மை உங்கள் பக்கம். சரி. என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். பட்டன் என் கையில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹனாவா


கீழ்த்தளம்
ஜூன் 20

முதலாளி அவர்களுக்கு,

நேற்று நடந்ததை எழுதாமல் எனக்கு நிலைகொள்ளவில்லை.

சிக்னல் சுத்தமாக இருந்தது. ஒரு நொடி கூடத் தடங்கல் இல்லை. நான்காவது ராக்கெட் அவ்வளவு அழகாக ஏறியது. மேலே காற்று மாறுகிற உயரத்தைத் தாண்டியபோது அறையில் யாரோ விசும்பினார்கள். அப்புறம் கடல் பக்கம் சாய வேண்டிய நேரம் வந்தது, சாய்ந்தது, ஆனால் சாய்வது நிற்கவில்லை. திரையில் அந்தக் கோடு மெல்ல வளைந்து கரைப்பக்கம் திரும்பியது. குளிரில் சோதிக்காத அந்தக் கை மாட்டிக்கொண்டது என்று எனக்கு உடனே புரிந்தது. உங்களுக்கும் புரிந்தது. நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தீர்கள். உங்கள் மூச்சு எனக்குக் கேட்டது.

நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகவே தோளை இறுக்கிக்கொண்டேன். எதுவும் வரவில்லை. அழுத்தினேன். துறைமுகத்துக்கு முன்னால், ஒதுக்கிக் கொடுத்த கடலுக்குள்ளேயே விழுந்தது. அறையில் அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப் போனார்கள். நீங்கள் செய்தியாளர் அறைக்குப் போனீர்கள், எப்படியும் கேமராக்கள் காத்திருக்கும்.

உங்களுக்குத் தெரியாது, நானும் பின்னால் வந்தேன். உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று கூட நினைத்திருந்தேன்.

ஒரு இளம் நிருபர்தான் முதலில் கேட்டார்.

"மறுபடியும் அதே பொறுப்பாளரா? மறுபடியும் அவசர முடிவா?"

"ஆமா, அவங்கதான்," என்றீர்கள். உங்கள் குரல் அப்போது சாதாரணமாகத்தான் இருந்தது. "அந்த வார்த்தையை போன வருஷம் உங்களுக்குக் கொடுத்தது நான். அது பொய். நீங்க அதை முதல் பக்கத்துல போட்டீங்க. அது பொய்னு சொன்னப்போ யாரும் வரல."

"நான் கேட்டது இன்னைக்கு நடந்ததைப் பத்தி…"

"இன்னைக்கா? இன்னைக்கு அந்த இயந்திரக் கையைச் சரியாச் சோதிக்கலைன்னு சொன்னது அவங்க. கேக்காதவன் நான்! ராக்கெட் துறைமுகத்துப் பக்கம் திரும்பிச்சு. அங்க நின்னு வேடிக்கை பாத்த ஊர் மொத்தமும் இப்ப வீட்டுல சோறு திங்குதுன்னா அவங்க அழுத்தினதாலதான். இந்த ரூம்ல இனிமே யாராவது 'அவசர முடிவு'ன்னு சொன்னா எழுந்து வெளில போங்க! என்னைத் திட்டணுமா, திட்டுங்க. உக்காந்திருக்கேன். அவங்க பேரைத் தொடாதீங்க!"

மேசையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. தண்ணீர்க் குவளை என்று ஒனோதெரா சொன்னான். எட்டிப் பார்த்தேன், கேமராக்கள் படபடவென்று மின்னின. நீங்கள் குனியவில்லை. இத்தனை வருடத்தில் நீங்கள் குனியாத முதல் கூட்டம் அது. இவாகுராவும் சங்கத்து ஆட்களும் பின்வரிசையில் இருந்தார்கள். அவர் கைதட்டத் தொடங்கினார், பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

நான் பெட்டியைத் தூக்கவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். அந்த வரி வரவில்லை. வராததை இழுத்துப் போட்டு எழுத எனக்குத் தெரியாது. கோபம் இருக்கிறது, எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஆனால் நேற்று நீங்கள் கத்தியது எனக்கு நல்லபடியாகக் கேட்டது. பல மாதங்களாக உங்கள் குரலில் நான் கேட்டுக்கொண்டிருந்த 'கையை எடு' என்ற அந்த இரண்டு வார்த்தைகள் ராத்திரி கேட்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் கடைசியில், பாசி அறுப்பு முடிந்து சால்மன் வலை போடுவதற்குள் ஒரு வாரம் கடலை ஒதுக்கித் தருவதாகச் சங்கத்தில் சொல்கிறார்கள். முதலீட்டாளர்களிடம் நீங்கள் என்ன சொல்லிச் சமாளிப்பீர்களோ எனக்குத் தெரியாது. அந்தக் கை ஏன் மாட்டிக்கொண்டது என்று எனக்கு ஓரளவு தெரியும். வரைபடத்தோடு நாளை காலை மாடிக்கு வருகிறேன். உங்களிடம் கத்த எனக்கு நிறைய இருக்கிறது. அதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் ஐந்தாவது ராக்கெட்டை யார் கட்டுவது?

இனி எழுத வேண்டாம். நேரில் பேசுங்கள்.

மிட்சுகி